ஒரே கிராஃப்ல ரெண்டு ஒய் ஆக்சிஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர், பைத்தான், ஸ்டாட்டா, எக்செல்னு எதுல வேலை பாக்குறவங்களா இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துல திரும்பத் திரும்ப அதே சந்தேகம்தான் வருது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். கமாண்ட் பேரெல்லாம் உச்சரிக்கிற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுக்கோங்க.

ரெண்டு ஒய் ஆக்சிஸ் எதுக்கு? ஒண்ணு போதாதா?

மேட்டூர் அணையை எடுத்துக்கோங்க. நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடின்னு நியூஸ்ல தினமும் வருது. முழு மட்டம் 120 அடி. நீர்வரத்து கோடையில சில நூறு கனஅடியா இருக்கும், காவிரில வெள்ளம் வந்தா லட்சத்தை தாண்டிடும். ரெண்டையும் ஒரே ஆக்சிஸ்ல போட்டா நீர்மட்டக் கோடு அடியில தரையோட ஒட்டிக்கிட்டு கிடக்கும், ஏறுதா இறங்குதான்னே தெரியாது. அதனால கீழ தேதி பொதுவா இருக்கும், இடது பக்கம் அடி, வலது பக்கம் கனஅடின்னு தனித்தனி ஸ்கேல் வைக்கிறாங்க. இவ்வளவுதான் விஷயம். வரையறது ரொம்ப ஈஸி, தப்பா படிக்க வைக்கிறது அதைவிட ஈஸி.

ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துல ஏதோ முக்கியமா நடந்திருக்குன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதில் மட்டும் படிப்பீங்கன்னா இதை படிங்க.

உதாரணத்துக்கு அஞ்சு நாள் கணக்கு வைச்சுக்குவோம், நம்பர் எல்லாம் நான் போட்டதுதான். நீர்மட்டம் 80, 83, 88, 92, 94 அடி. நீர்வரத்து 30,000, 50,000, 80,000, 60,000, 40,000 கனஅடி. இடது ஆக்சிஸ் 0 முதல் 120 வரைக்கும், அதை மாத்தவே வேண்டாம்.

இப்ப வலது ஆக்சிஸை 0 முதல் 2,40,000 வரைக்கும் வைங்க. அப்ப 2000 கனஅடி ஒரு அடி உயரத்துல வந்து உக்காரும், நீர்வரத்துக் கோடு இடது ஸ்கேல் கணக்குப்படி 15, 25, 40, 30, 20ன்னு கீழயே ஓடும், நீர்மட்டக் கோட்டை தொடவே தொடாது. பாக்குறவங்க "வரத்து ரொம்ப கம்மிப்பா" அப்படின்னுதான் சொல்லுவாங்க.

அதே டேட்டா, வலது ஆக்சிஸை மட்டும் 0 முதல் 1,00,000ன்னு மாத்துங்க. இப்ப அதே கோடு 36, 60, 96, 72, 48ன்னு எழும்பும். மூணாவது நாள் நீர்மட்டம் 88ல இருக்கு, நீர்வரத்து 96ல இருக்கு, அதாவது மேல ஏறி வெட்டிட்டு அடுத்த நாளே திரும்ப கீழ இறங்கி இன்னொரு தடவை வெட்டுது. ரெண்டு வெட்டு, நடுவுல ஒரு உச்சி, பாக்குறதுக்கு பெரிய கதை மாதிரி இருக்கும். ஆனா டேட்டால ஒரு நம்பர் கூட மாறல, நாம வலது பக்க மேல் எல்லையை மாத்தினோம், அவ்வளவுதான். அடியும் கனஅடியும் வேற வேற அளவு, 88 அடியைவிட 80,000 கனஅடி பெருசா சின்னதான்னு கேக்குறதே அர்த்தமில்லாத கேள்வி, ஆனா படம் அந்தக் கேள்விக்கு பதில் சொல்ற மாதிரி காட்டிடும். வெட்டுற இடம் மட்டும் இல்லை, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, எது செங்குத்தா ஏறுது எது படுத்துக்கிட்டு ஏறுதுங்கிறது, இது எல்லாமே ஸ்கேலை வைச்ச ஆள் கையில இருக்கு.

நீர்வரத்து குறையுது, ஆனா நீர்மட்டம் ஏறிக்கிட்டே இருக்கே, படம் தப்பா?

படம் சரி, நாம ஒப்பிடுற விதம்தான் தப்பு. நீர்வரத்துங்கிறது வேகம், நீர்மட்டம்ங்கிறது சேர்ந்த சரக்கு. வினாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க வந்தா ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கனஅடி, சேரும். வரத்து 80,000ல இருந்து 40,000க்கு குறைஞ்சாலும் திறந்து விடுறது அதைவிட கம்மியா இருந்தா அணை ஏறத்தான் செய்யும். அதனால நீர்வரத்தோட உச்சியை நீர்மட்டத்தோட உச்சி கூட ஒப்பிடக்கூடாது, நீர்மட்டம் எந்த நாள் ரொம்ப வேகமா ஏறுச்சோ அந்த நாள் கூடத்தான் ஒப்பிடணும். மேல இருக்கிற உதாரணத்துல ரெண்டாவது நாள்ல இருந்து மூணாவது நாளுக்கு அஞ்சு அடி, அதுதான் இருக்கிறதுலயே பெரிய ஏத்தம், வரத்தோட உச்சியும் அங்கதான் இருக்கு. மட்டம் உச்சிக்கு போறது வரத்தும் வெளியேத்துறதும் சமமாகுற நாள்ல. ரெண்டு ஆக்சிஸ் படம் இந்த வித்தியாசத்தை மறைச்சிடுது, ரெண்டும் ஒரே ஜாதி அளவு மாதிரி பக்கத்துல பக்கத்துல ஓடுறதால. உங்க டேட்டாலயும் ஒண்ணு வேகம் ஒண்ணு சரக்கா இருக்கான்னு முதல்ல பாருங்க (மாசக் கடன், மொத்தக் கடன் பாக்கி மாதிரி), இருந்தா சரக்கோட தினசரி மாற்றத்தை கணக்கு பண்ணி அதை போடுங்க.

ஜிஜிபிளாட்2ல (ஆர்ல படம் வரையிற பேக்கேஜ்) ரெண்டாவது கோடு வரவே மாட்டேங்குது, செக்_ஆக்சிஸ் போட்டும் கோடு தரையிலயே இருக்கு, ஏன்?

ஆர்ல அதிகமா மாட்டிக்கிறது இங்கதான். ஜிஜிபிளாட்2ல ரெண்டாவது ஆக்சிஸ்ங்கிறது வெறும் லேபிள். அது டேட்டாவை தூக்கி வேற ஸ்கேல்ல வைக்காது. டேட்டாவை மாத்துறது உங்க வேலை, அதை திருப்பி மாத்தி நம்பர் எழுதுறது மட்டும்தான் செக்_ஆக்சிஸ் வேலை. இதுக்கு காரணம் இருக்கு. அந்த பேக்கேஜை எழுதின ஹேட்லி விக்கம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு ஸ்கேலை ஒரே படத்துல வைக்கிறது அடிப்படையிலேயே கோளாறுன்னு நினைக்கிறவர், ரொம்ப நாள் அந்த வசதியையே கொடுக்கல. 2016ல வந்த 2.2.0 வெர்ஷன்லதான் செக்_ஆக்சிஸ் வந்துச்சு, அதுவும் ஒரு ஆக்சிஸ் இன்னொண்ணோட ஃபார்முலாவா இருக்கணும்ங்கிற கண்டிஷனோட.

செய்யுறது இப்படி. இடது 0–120, வலது 0–2,40,000ன்னா விகிதம் 2000. முதல் ஜியோம்_லைன்ல நீர்மட்டத்தை அப்படியே கொடுங்க. ரெண்டாவது ஜியோம்_லைன்ல நீர்வரத்தை 2000ஆல வகுத்து கொடுங்க. அப்புறம் ஸ்கேல்_ஒய்_கன்டினியூவஸ் உள்ள செக்.ஆக்சிஸ்ங்கிற இடத்துல செக்_ஆக்சிஸ் போட்டு ஃபார்முலாவா டில்டே (~), புள்ளி, பெருக்கல் குறி, 2000ன்னு கொடுங்க. டேட்டால வகுத்தா ஆக்சிஸ்ல பெருக்கணும், இது ரெண்டும் எதிரெதிரா இருக்கணும், ஒரே பக்கமா போட்டுட்டா எரர் எதுவும் வராது, ஆனா வலது பக்க நம்பர் எல்லாம் பொய்யா இருக்கும். ரன் பண்ணினதும் ஒரு புள்ளியை கையால சரிபாருங்க: 80,000 கனஅடி வந்த நாள்ல கோடு வலது ஆக்சிஸ்ல 80,000க்கு நேரா நிக்குதா?

ஆக்சிஸ் பூஜ்யத்துல ஆரம்பிக்கலைன்னா வெறும் பெருக்கல் பத்தாது. இடது 60–120, வலது 0–1,20,000ன்னு வைச்சா, நீள விகிதம் 60 வகுத்தல் 1,20,000, அதாவது 0.0005. நீர்வரத்தை 0.0005ஆல பெருக்கி 60 கூட்டணும். 80,000க்கு 40 கூட்டல் 60, நூறு. ஆக்சிஸ் ஃபார்முலால முதல்ல 60 கழிச்சு அப்புறம் 0.0005ஆல வகுக்கணும். அடைப்புக்குறி முக்கியம், கழித்தல்தான் முதல்ல.

பேஸ் ஆர்ல (தனி பேக்கேஜ் எதுவும் இல்லாம)?

முதல் ப்ளாட் போட்டுட்டு, பார்ல நியூ ட்ரூன்னு கொடுத்து அது மேலயே ரெண்டாவது ப்ளாட், ஆக்சிஸ் இல்லாம, அப்புறம் ஆக்சிஸ் 4, எம்டெக்ஸ்ட் சைடு 4. வலது மார்ஜினை ஆரம்பத்துலயே மார்ல கூட்டிடுங்க, இல்லைன்னா தலைப்பு வெட்டிப்போகும். ரெண்டு ப்ளாட்டுக்கும் எக்ஸ்லிம் (எக்ஸ் ஆக்சிஸோட எல்லை) ஒண்ணா கொடுத்தே ஆகணும். கொடுக்கலைன்னா, ஒரு சீரிஸ் ஜனவரில தொடங்கி இன்னொண்ணு மார்ச்ல தொடங்கினா ரெண்டும் ஒரே இடத்துல தொடங்குற மாதிரி வரும், ஒரு வார்னிங் கூட வராது. ஆர்ல நான் ரொம்ப பயப்படுற விஷயம் இந்த மாதிரி சத்தமில்லாத தப்புதான்.

பைத்தானோட மேட்பிளாட்லிப்ல ட்வின்எக்ஸ் போட்டேன், ரெண்டு கோடும் ஒரே நீலமா வருது, லெஜண்ட்ல ஒண்ணுதான் இருக்கு

ட்வின்எக்ஸ் போட்டா கிடைக்கிறது முழுசா தனியான இன்னொரு ஆக்சஸ் (ஆக்சிஸ் இல்லை, படம் வரையிற முழு கட்டம்), எக்ஸ் மட்டும்தான் பொது. அதனால கலர் வரிசையும் முதல்ல இருந்து தொடங்கும், லெஜண்டும் தனித்தனி. கலரை நீங்களே கொடுத்துடுங்க. லெஜண்டுக்கு ரெண்டு ஆக்சஸ்லயும் கெட்_லெஜண்ட்_ஹேண்டில்ஸ்_லேபிள்ஸ் கூப்பிட்டு வர்ற லிஸ்டை கூட்டி ஒரே லெஜண்டா போடுங்க. இன்னொண்ணு, ட்வின்எக்ஸ்ல வந்தது எப்பவும் மேல வரையப்படும், முதல் கோடு மேல வரணும்னா முதல் ஆக்சஸோட இசட்ஆர்டரை (எது மேல எதுங்கிற வரிசை) கூட்டிட்டு அதோட பேட்ச்சை (பின்னணி) மறைக்கணும், மறைக்கலைன்னா வெள்ளை பின்னணி ரெண்டாவது கோட்டை முழுங்கிடும்.

பைத்தானோட இன்னொரு பேக்கேஜ் பாண்டாஸ்ல ப்ளாட் பண்றவங்களுக்கு செகண்டரி_ஒய் ட்ரூன்னு கொடுத்தாலே போதும், லெஜண்ட்ல அந்த சீரிஸ் பேரோட "ரைட்"னு தானா சேரும், அது வேண்டாம்னா மார்க்_ரைட்டை ஃபால்ஸ் ஆக்குங்க. வேண்டாம்னு ஏன் சொல்லணும், அது நல்ல பழக்கம், விட்டு வைங்க.

ஸ்டாட்டா, சாஸ், எஸ்பிஎஸ்எஸ்?

ஸ்டாட்டால டூவே உள்ள ரெண்டு லைன், ரெண்டாவதுக்கு ஒய்ஆக்சிஸ்(2). தலைப்பு கொடுக்குறப்ப ஒய்டைட்டில் உள்ள ஆக்சிஸ்(2)ன்னு சேர்க்கணும், இதை மறந்துட்டு இடது தலைப்பு மாறிப்போச்சுன்னு குழம்புறவங்க நிறைய பேர். சாஸ்ல ப்ராக் எஸ்ஜிபிளாட், ரெண்டாவது சீரிஸ் வரியில சாய்வுக்கோடு போட்டு ஒய்2ஆக்சிஸ். எஸ்பிஎஸ்எஸ்ல சார்ட் பில்டர் கேலரியிலயே டூயல் ஆக்சஸ்னு தனி வகை இருக்கு, இழுத்துப் போட வேண்டியதுதான்.

எக்செல்ல சின்ன கோட்டை கிளிக்கே பண்ண முடியல

தரையோட ஒட்டின கோட்டை மவுஸ்ல பிடிக்க முயற்சி பண்ணாதீங்க. சார்ட்டை செலக்ட் பண்ணிட்டு ஃபார்மேட் டேபுக்கு போங்க, இடது ஓரத்துல ஒரு டிராப்டவுன் இருக்கும், அதுல சீரிஸ் பேரை எடுங்க, கீழ ஃபார்மேட் செலக்ஷன், அங்க செகண்டரி ஆக்சிஸ். 2013ல இருந்து வந்த வெர்ஷன்ல சேஞ்ச் சார்ட் டைப் போய் காம்போ எடுத்தா டிக் பண்ற பெட்டியே இருக்கு. லிப்ரேஆஃபீஸ் கால்க்ல சீரிஸை டபுள் கிளிக் பண்ணி ஆப்ஷன்ஸ் டேப்ல செகண்டரி ஒய் ஆக்சிஸ்.

எதுல போட்டாலும் மினிமம் மேக்ஸிமம் ரெண்டையும் ஆட்டோல விடாதீங்க. மாசாமாசம் டேட்டா சேர்க்குற ரிப்போர்ட்ல ஆட்டோல விட்டா, ஒரு மாசம் ஒரு பெரிய நம்பர் வந்ததும் வலது ஸ்கேல் மட்டும் மாறி போன மாசம் வெட்டின கோடு இந்த மாசம் வெட்டாது, மீட்டிங்ல அதுக்கு ஒரு காரணமும் கண்டுபிடிச்சு சொல்லிடுவாங்க.

ரெண்டு பக்க பூஜ்யமும் ஒரே உயரத்துல இல்ல

மைனஸ் நம்பர் இருந்தா இந்த பிரச்சனை வரும். மினிமத்துக்கும் மேக்ஸிமத்துக்கும் இருக்கிற விகிதம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். இடது மைனஸ் 5 முதல் 15ன்னா ஒண்ணுக்கு மூணு, அப்ப வலது மைனஸ் 100 முதல் 300. முடிஞ்சது. கிரிட் கோட்டுக்கும் இதே மாதிரிதான், இடது 20 அடிக்கு ஒரு டிக், வலது 40,000க்கு ஒரு டிக்னு வைச்சா ரெண்டுலயும் ஆறு கட்டம், ஒரே கிரிட் ரெண்டுக்கும் பொருந்தும். பொருந்த வைக்க முடியலைன்னா வலது கிரிட்டை அணைச்சிடுங்க.

அப்ப ரெண்டு ஆக்சிஸ் எப்பவுமே தப்பா?

இல்லை. ரெண்டு ஸ்கேலுக்கும் நடுவுல நிஜமான, மாத்த முடியாத உறவு இருந்தா தாராளமா போடலாம். செல்சியஸ் ஒரு பக்கம் ஃபாரன்ஹீட் ஒரு பக்கம், அங்க ஒரே கோடுதான், ரெண்டு விதமா படிக்கிறோம். மேட்டூர்ல நீர்மட்டமும் நீர் இருப்பும் அப்படித்தான்: 120 அடின்னா 93.47 டிஎம்சி, 100 அடின்னா சுமார் 65. பாருங்க, உயரத்துல ஆறுல ஒரு பங்குதான் குறைஞ்சிருக்கு, தண்ணில கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடுச்சு, ஏன்னா அணை மேல போகப்போக அகலம். அதனால டிஎம்சி ஆக்சிஸ்ல டிக் எல்லாம் சம இடைவெளியில இருக்காது, மேல நெருக்கமாவும் கீழ தள்ளித்தள்ளியும் வரும். இதுக்கு மேட்பிளாட்லிப் 3.1ல இருந்து செகண்டரி_ஒய்ஆக்சிஸ்னு தனியா ஒண்ணு இருக்கு, போற ஃபங்ஷன் ஒண்ணு திரும்பி வர்ற ஃபங்ஷன் ஒண்ணு கொடுக்கணும். ட்வின்எக்ஸை இதுக்கு பயன்படுத்தாதீங்க, ஒரு பக்க எல்லையை மாத்தினா இன்னொரு பக்கம் கூடவே மாறாது.

இன்னொரு அருமையான உதாரணம் வால்டர், லீத் ரெண்டு பேரும் கொண்டு வந்த காலநிலை வரைபடம். அதுல 10 டிகிரி செல்சியஸுக்கு எதிர்ல எப்பவும் 20 மில்லிமீட்டர் மழை, இந்த விகிதத்தை யாரும் இஷ்டத்துக்கு மாத்த மாட்டாங்க. மழைக் கோடு வெப்பக் கோட்டுக்கு கீழ போனா வறண்ட காலம், மேல போனா ஈரமான காலம். இங்க வெட்டுற இடத்துக்கு அர்த்தம் இருக்கு, ஏன்னா விகிதத்தை முன்கூட்டியே எல்லாருக்கும் பொதுவா தீர்மானிச்சு வைச்சிருக்காங்க. சென்னைக்கு வரைஞ்சா வருஷத் தொடக்கத்துல மழைக் கோடு கீழ கிடக்கும், வடகிழக்கு பருவமழை வந்ததும் அக்டோபர் நவம்பர்ல எகிறிடும். 100 மில்லிமீட்டருக்கு மேல ஸ்கேலை பத்துல ஒண்ணா சுருக்கணும்ங்கிறதும் அவங்க விதி, அது இல்லைன்னா நம்ம நவம்பர் பேப்பருக்கு வெளிய போயிடும்.

பார் ஒண்ணு லைன் ஒண்ணா போட்டா பரவாயில்லையா?

ரெண்டு லைனைவிட நல்லது, வெட்டுற இடம் கண்ணை இழுக்காது. பார் கண்டிப்பா பூஜ்யத்துல இருந்து தொடங்கணும். ஆத்து வெள்ளம் பாக்குற இன்ஜினியர்கள் ஒண்ணு செய்வாங்க, மழையை மேல இருந்து தலைகீழா தொங்குற பாரா போட்டு ஆத்து ஓட்டத்தை கீழ கோடா வரைவாங்க. மழை பெஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு வெள்ளம் உச்சிக்கு போச்சுங்கிறது பளிச்சுன்னு தெரியும், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. ரெண்டு ஆக்சிஸ் படத்துல எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

இதை வைச்சு நிஜமாவே யாராவது ஏமாத்தியிருக்காங்களா?

2015 செப்டம்பர் 29 அன்னைக்கு அமெரிக்க காங்கிரஸ் விசாரணையில குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் ஒரு சார்ட்டை காட்டினார், கருக்கலைப்பு உட்பட பல மருத்துவ சேவை தர்ற பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பை பத்தினது, கருக்கலைப்பை எதிர்க்கிற அமெரிக்கன்ஸ் யுனைட்டட் ஃபார் லைஃப்ங்கிற அமைப்பு போட்டது. கருக்கலைப்பு 2006ல 2,89,750, 2013ல 3,27,000. புற்றுநோய் பரிசோதனை, தடுப்பு சேவை 20,07,371ல இருந்து 9,35,573க்கு குறைஞ்சிருக்கு. படத்துல ஒய் ஆக்சிஸே கிடையாது, ஒரு அம்பு மேல போகுது ஒரு அம்பு கீழ வருது, நடுவுல பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்குது. 3,27,000ங்கிற நம்பர் 9,35,573க்கு மேல நிக்குது! நாலு நம்பரையும் படத்துலயே எழுதியிருந்தாங்க, ஆனா வெட்டுற கோடு இருக்கிறப்ப நம்பரை யார் படிக்கிறாங்க. ஒரே ஆக்சிஸ்ல போட்டிருந்தா ரெண்டு கோடும் வெட்டியிருக்கவே வெட்டாது. சேவை பாதிக்கும் மேல குறைஞ்சது உண்மை, அது அப்பவும் தெரிஞ்சிருக்கும்.

ரெண்டு கோடும் ஒண்ணா ஏறுது, அப்ப சம்பந்தம் இருக்குன்னு எழுதலாமா?

எழுதாதீங்க. காலத்தோட ஏறுற எந்த ரெண்டு சீரிஸையும் ரெண்டு ஆக்சிஸ்ல போட்டு ஸ்கேலை கொஞ்சம் நகர்த்தினா ஒட்டிப் பிறந்த மாதிரி காட்டலாம். புள்ளியியல் அறிஞர் யூல் 1926லயே இதை காட்டிட்டார்: 1866 முதல் 1911 வரைக்கும் இங்கிலாந்து திருச்சபையில நடந்த கல்யாணங்களோட பங்கும் இறப்பு விகிதமும் 0.95 கோரிலேஷன் (1 வந்தா ரெண்டும் அச்சா சேர்ந்து போகுதுன்னு அர்த்தம்). ரெண்டும் சேர்ந்து இறங்கிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான் காரணம். நிஜமா சம்பந்தம் இருக்கான்னு பாக்கணும்னா வருஷத்துக்கு வருஷம் மாற்றத்தை எடுத்து, அதை ஸ்கேட்டர்ல போட்டு பாருங்க.

சரி, வேற எப்படி வரையலாம்?

பெரும்பாலும் நான் போடுறது மேல ஒண்ணு கீழ ஒண்ணா ரெண்டு பேனல், தேதி ஆக்சிஸ் பொது. ஜிஜிபிளாட்2ல ஃபேசெட்_ரேப், ஸ்கேல்ஸ் ஃப்ரீ_ஒய். மேட்பிளாட்லிப்ல சப்பிளாட்ஸ் 2, 1, ஷேர்எக்ஸ் ட்ரூ. மேட்டூருக்குன்னா ஜூன் 12ல, அதாவது டெல்டா பாசனத்துக்கு வழக்கமா தண்ணி திறக்குற தேதியில, ரெண்டு பேனலையும் சேர்த்து ஒரு செங்குத்து கோடு போட்டா ஒப்பிட வேண்டியது எல்லாம் கண்ணுக்கு நேரா வந்துடும்.

வளர்ச்சியை ஒப்பிடணும்னா தொடக்க வருஷத்தை 100 ஆக்கி ஒரே ஆக்சிஸ்ல போடலாம், ஆனா எந்த வருஷத்தை 100 ஆக்குறீங்கங்கிறதும் ஒரு தேர்வுதான், அதை படத்துலயே எழுதுங்க. ரெண்டும் ஒரே யூனிட், ஆனா ஒண்ணு ரொம்ப பெருசு ஒண்ணு ரொம்ப சின்னதுன்னா லாக் ஸ்கேல், அதுல ஒரே சாய்வுன்னா ஒரே சதவீத வளர்ச்சி.

கைடு ரெண்டு ஆக்சிஸ்தான் வேணும்ங்கிறார், எதையெல்லாம் கவனிக்கணும்?

கோட்டோட கலரும் அந்தப் பக்க ஆக்சிஸ் நம்பர், தலைப்போட கலரும் ஒண்ணா இருக்கட்டும், நீலமும் ஆரஞ்சும் நல்லது, சிவப்பு பச்சை வேண்டாம், நிறம் பிரிச்சு பாக்க முடியாதவங்க நிறைய பேர் இருக்காங்க. தீசிஸ் கருப்பு வெள்ளையில பிரின்ட் ஆகும்னா ஒண்ணை புள்ளிக்கோடா வைங்க. கோட்டு முனையிலயே பேரை எழுதிட்டா லெஜண்டே வேண்டாம். முடிஞ்சா ஸ்கேலை ரெண்டு கோடும் வெட்டாத மாதிரி அமைங்க. படத்துக்கு கீழ இப்படி எழுதுங்க: "இடது: நீர்மட்டம், அடி, 0–120. வலது: நீர்வரத்து, வினாடிக்கு கனஅடி, 0–2,40,000. ரெண்டு ஸ்கேலும் தனித்தனியா தேர்ந்தெடுக்கப்பட்டவை." அதோட கூட அந்த ரெண்டு பேனல் படத்தையும் ஒரு பிரின்ட் எடுத்துட்டு போய் கைடு முன்னாடி பக்கத்துல பக்கத்துல வைங்க, நிறைய பேர் அப்ப மனசு மாறுவாங்க.

மூணாவது ஆக்சிஸ்?

மேட்பிளாட்லிப்ல முடியும், இன்னொரு ட்வின்எக்ஸ் போட்டு அதோட வலது ஸ்பைனை வெளிய தள்ளி வைக்கணும். ஆனா எந்தக் கோடு எந்தப் பக்கம்னு தேடுறதுலயே படிக்கிறவங்க நேரம் போயிடும். மூணு பேனலா போட்டு ஃபிக்சைஸ்ல உயரத்தை கூட்டிக்கோங்க.